ஆறு மணிப் படம்

யோங் பெங்
6.4.2025, ஞாயிறு

அன்புள்ள சந்திரமதிக்கு,

ராசம்மாள் எழுதுவது. ஆமாம், உன் மாமியார்தான். நானும் என் மகன் சுகுமாறனும் உன் மகள் ஷர்மினியும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறதா தெரியவில்லை. பத்து வருஷம் கேட்காமல் இருந்துவிட்டேன். ஆனாலும் கடிதம் என்றால் கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன்.

உன் விலாசத்தைக் கொடுத்தது ஜொஹரா. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். பண்டார் தெங்காராவில் அவள் நாத்தனார் உன்னிடம்தான் பாஜு குரோங் தைக்கக் கொடுக்கிறாளாம். "போன் நம்பரும் இருக்கு அக்கா, வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நான் சண்டைக்கு வந்துவிடுவேன். என் போனை ஷர்மினியும் எடுத்துப் பார்ப்பாள். நீ பதில் எழுதினால் ஜொஹரா கடை விலாசத்துக்கு எழுது.

இனி விஷயம். பிள்ளை எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடித்துவிட்டு நெடுஞ்சாலைப் பக்கத்து ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். புத்தாண்டு அன்று ஒன்று ஆரம்பித்தாள். தினமும் ஒரு ஆள். டேப்லட்டில், பேனா மாதிரி ஒரு குச்சியால், அரை மணி நேரத்துக்குள் புதிதாக ஒரு ஆளை உண்டாக்க வேண்டும். ஐந்தரைக்கு உட்காருவாள், ஆறுக்கு முடிப்பாள். பரீட்சை நடந்த மாதத்தில்கூட விடவில்லை. இன்றோடு தொண்ணூற்றாறு பேர். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, நீ பார்த்தால் நீயும் சொல்வாய். தலையில் மேகம் வளர்க்கிற ஒரு கிழவர். பஸ் நிறைய மீன்களை ஏற்றிக்கொண்டு போகிற ஓட்டுநர் அம்மாள், அதில் டிக்கெட்டுக்கு ஆளுக்கொரு செதில். செம்பனை மரத்தைவிட உயரமான ஒருத்தி, நிலாவைப் பிழிந்து கொடியில் காயப்போடுகிறாள்.

மத்தியானம் கண்ணயர்ந்தால் இவர்கள் எல்லாரும் வந்துவிடுகிறார்கள் சந்திரா. பின்பக்கத்துச் செம்பனை வரிசையில் புகை மாதிரிப் பனி இறங்கியிருக்கும். மேகக் கிழவர் ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போவார். எழுந்து போய்க் கதவைத் திறந்தால் படி ஈரமாக இருக்கும். மழையா, அவரா, எனக்குச் சொல்லத் தெரியாது.

முடிந்த படம் போன் வழியாக ஊர் உலகத்துக்குப் போகிறது. எனக்கு மட்டும் வேறொன்று அனுப்புகிறாள். வரைந்ததை முதல் கோட்டிலிருந்து அந்த டேப்லட்டே ஓட்டிக் காட்டுமாம். அரை மணி வேலை, அரை நிமிஷத்தில். கை தெரியாது, கோடு தானாக வரும். சினிமாவைவிட நன்றாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சாமி விளக்கு ஏற்றுவது.

போன வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். முதல் கோடு அந்த மேகக் கிழவருடையது இல்லை. முதலில் வருவது ஒரு பொம்பளை. நீலச் சட்டை, கழுத்தில் தொழிற்சாலை அட்டை, முன்பக்கம் எடுத்துப் போட்ட பின்னல், தோளில் பை. அவளை முழுதாக வரைந்த பிறகுதான் பக்கத்தில் கிழவர் வருகிறார். கடைசியில், கீழே தேதி போடுவதற்கு முன், அந்தப் பொம்பளை சட்டென்று காணாமல் போகிறாள். தடம்கூட இல்லை. கிழவர் மட்டும் நிற்கிறார். போனில் இருந்த அத்தனையையும் ஓட்டிப் பார்த்தேன். மீன் பஸ்ஸிலும் அவள் இருந்தாள். நிலாவின் கொடியை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது நீ. இந்த வீட்டில் பிள்ளை உன் பேரை எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் உனக்கு இதைச் சொல்லாமல் இருக்கலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். முடியவில்லை.

இப்படிக்கு,
ராசம்மாள்


பண்டார் தெங்காரா
17.4.2025

திருமதி ராசம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது.

நான் சிங்கப்பூர் வேலைக்குப் போனது உங்கள் மகனின் லாரித் தவணைக்கும் சேர்த்துத்தான். சனிக்கிழமை வந்து ஞாயிறு போனால், "இது வீடா, ஓட்டலா?" என்றீர்கள். ஒரு நாள் பெட்டியை வாசலில் வைத்தீர்கள். சரி. அதன் பிறகு நான் மூன்று தடவை பிள்ளையைப் பார்க்க வந்தேன், நினைவிருக்கிறதா? முதல் தடவை டியூஷன் என்றீர்கள். அடுத்த தடவை தூங்குகிறாள் என்றீர்கள். மூன்றாவது தடவை, கேட்டைக்கூடத் திறக்காமல், "ஒன்னப் பாக்க மாட்டேன்னு அழுவுறா. ஏன் பிள்ளைய இப்படிச் சித்திரவதை பண்ற?" என்றீர்கள். உள்ளே டிவி சத்தம் கேட்டது. கொண்டுவந்த கவுனைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். அவளுக்கு நான் வேண்டாம் என்றால் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் பிறகு வரவில்லை.

அப்படி அழுத பிள்ளை என்னை ஏன் வரையப் போகிறாள்? நீலச் சட்டை போட்ட பெண்கள் ஜொகூரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உங்களுக்கு வயதாகிவிட்டது. மத்தியானத் தூக்கத்தில் கண்டதை எல்லாம் எனக்கு எழுத வேண்டாம்.

சந்திரமதி


யோங் பெங்
27.4.2025

சந்திரா,

உன் கடிதத்தை ஜொஹரா கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்து படித்தேன். தே தாரிக் டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. "என்னக்கா, திட்டிட்டாங்களா?" என்றாள். "திட்டுனா நல்லதுதானே லா, சும்மா இருந்தாத்தான் பயம்" என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஓடுகிற படத்தை நடுவில் நிறுத்தி ஜொஹரா பக்கத்துக் கடையில் அச்செடுத்துக் கொடுத்தாள். மரத்தில் குடியிருக்கிற ஒரு தபால்காரர், அவர் பக்கத்தில் அந்தப் பொம்பளை. அவள் பையைப் பார். வாரில் ஒரு முடிச்சு இருக்கிறது. உன் பை அறுந்து நீ முடிச்சுப் போட்டு மாட்டிக்கொண்டு போவாய். நானே மறந்துவிட்டேன். ஏழு வயதில் பார்த்ததைப் பிள்ளை மறக்கவில்லை.

இனி எழுதப் போவதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆனது. அன்றைக்கு அவள் அழவில்லை. நீ வந்ததே அவளுக்குத் தெரியாது. உள்ளே கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் தலை தெரிந்ததும் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன். மூன்று தடவையும் அப்படித்தான். "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒங்கம்மா வரமாட்டா, அவளுக்குச் சிங்கப்பூர்தான் பெருசு" என்றேன். ஒரு வருஷம் கேட்டாள். பிறகு விட்டுவிட்டாள். உன் கவுனை நான் வாங்கியது என்று சொல்லித் தீபாவளிக்குப் போட்டுவிட்டேன். சுகுமாறனிடமும் நீ எட்டிப்பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். அவனும் உன்னைத் தேடி வரவில்லை, அது அவன் குற்றம். மற்றது என்னுடையது.

ஏன் செய்தீர்கள் என்று நீ கேட்பாய். நீ சம்பாதித்தாய், நாலு இடம் பார்த்தாய், பேங்க்கில் போய் நின்று கையெழுத்துப் போட்டாய். எனக்கு அந்தப் பிள்ளை ஒன்றுதான் இருந்தது. அவள் உன் பின்னால் வந்துவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று பயந்தேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை, உனக்கே தெரியும். கேட்டதாக எடுத்துக்கொள்.

ராசம்மாள்


பண்டார் தெங்காரா
11.5.2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

அதைத் தையல் மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பத்து வருஷக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் இப்போது எனக்கு வேறு ஒரு பயம் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை.

அவள் வரைவது ஒல்லியான ஒருத்தியை. பின்னல் இடுப்புக்குக் கீழே வருகிறது. நான் நீலச் சட்டையைக் கழற்றி ஆறு வருஷம் ஆகிறது. முடியைத் தோளோடு வெட்டிவிட்டேன், பாதி நரை. கண்ணாடி போடுகிறேன். உடம்பு ஊதிவிட்டது. மிஷின் மிதித்து மிதித்து ஒரு காலைச் சாய்த்து நடக்கிறேன். அவள் மனதில் தினமும் வந்து நிற்கிறவள் நான் இல்லை அத்தை. நிஜமாக நான் போய் நின்றால், யார் இந்தப் பொம்பளை என்று பார்ப்பாள். இத்தனை நாள் துணைக்கு வைத்திருந்த ஆளையும் நான் கெடுத்துவிடுவேன்.

இருந்தாலும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விஷயம். நான் வந்து உங்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். கவுனையும் சேர்த்து. அதன் பிறகும் அவள் வர விரும்பினால் வரட்டும்.

சந்திரா


யோங் பெங்
25.5.2025

அன்புள்ள சந்திராவுக்கு,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை, அவள் வேலைவிட்டு வந்து முகம் கழுவி டேப்லட்டைத் திறக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்தேன். "பாட்டி, ஓரமா ஒக்காருங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள். நான் நகரவில்லை. டியூஷன், தூக்கம், டிவி சத்தம், கவுன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வரைந்துகொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் வரைந்தாள். ஆறு மணி ஆயிற்று.

"அந்தப் பொம்பளைய நீ அழிக்கிறத நான் பாத்தேன்மா. நீ தெரியாம அனுப்பிட்ட" என்றேன்.

"தெரியாம இல்ல பாட்டி. ஒங்களுக்கு மட்டும்தான் அத அனுப்புறேன். நீங்க பாக்கணும்னுதான்."

நான் வெளிச்சத்தை விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன் சந்திரா.

"ஜனவரியிலேர்ந்து அனுப்புறேன். நீங்க ஒரு நாளு கூட யாரு இதுன்னு கேக்கல. மேகம் அழகா இருக்கு, மீனு அழகா இருக்குன்னீங்க. அப்பாகிட்ட கேட்டா எழுந்து போயிடுறாரு. ஒங்ககிட்ட வாயால கேக்க எனக்குப் பயம்." அழவில்லை. ரொட்டிக் கடையில் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அன்றிலிருந்து ஓடுகிற படம் எனக்கு வருவதில்லை. முடிந்த படம்தான் வருகிறது, எல்லாருக்கும் வருகிற மாதிரி. நான் கேட்டேன். "அது இனிமே வேணாம் பாட்டி" என்றாள். கோபமா, வேலை முடிந்ததா, முகத்தில் தெரியவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள். தலையில் எண்ணெய் வைக்க மட்டும் விடுவதில்லை. கோடு கோடாக ஒருத்தர் பிறந்து வருவதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்தது இவ்வளவுதான் போலிருக்கிறது. நீ சொல்வாய், வேண்டும் இந்தக் கிழவிக்கு என்று. சொல்லு.

நீ எழுதியதையும் சொன்னேன், நரை, கண்ணாடி, கால் எல்லாம். நீ பயப்படுகிறாய் என்றும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டேப்லட்டை மூடிவைத்தாள். பிறகு, "எந்தக் காலு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

வருகிற மாதம் ஏழாம் தேதி சனிக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள் லீவு. சுகுமாறனே கொண்டுவந்து விடுகிறேன் என்கிறான். வாசல் வரைக்கும்தான் வருவானாம், உள்ளே வர அவனுக்கு முகம் இல்லை. ஒரு வாரத்துக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். பெரிய பையாக இருக்கிறது.

அத்தை


யோங் பெங்
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள சந்திராவுக்கு,

நேற்று சுகுமாறன் மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிட்டான். "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "கதவத் தொறந்தாங்க. உள்ள போயிட்டா" என்றான். காரை ஒரு மணி நேரம் கழுவினான், கழுவி முடித்ததும் மழை வந்தது.

ஜொஹரா பெருநாள் ஆட்டுக்கறி கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு பேருக்கு அது அதிகம்.

ஐந்தரைக்கு வழக்கம்போல முன்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மழை விட்டு, செம்பனைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி வந்தது. ரோடு, வேலி, எதிர்வீட்டுக் கார் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கொஞ்ச நேரம் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அந்த வெள்ளைக்குள் யாராவது நடந்து வருவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஆறு ஆனது. ஆறரை ஆனது. போனைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். ஏழுக்கு விளக்கு ஏற்றினேன். படம் வரவில்லை.

"போன் பண்ணிக் கேக்கட்டா?" என்றான் சுகுமாறன். சும்மா இரு என்றேன். பயந்தது உண்மைதான். பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. நூற்றைம்பத்தேழு நாள் அந்தப் பிள்ளை தினமும் ஒரு ஆளை உண்டாக்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். நேற்று அவளுக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்திருப்பீர்கள். ஐந்தரை ஆனதைப் பார்த்திருக்க மாட்டாள்.

அது எனக்குச் சந்தோஷம்தான். அவள் இல்லாத வீடு கஷ்டமாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை, ஒன்றை மறைத்து எழுத இனி என்னால் ஆகாது. படம் எங்கே என்று நீ அவளிடம் கேட்டுவிடாதே. பாட்டி காத்திருந்தாள் என்றும் சொல்லாதே.

காலையில் அவளுக்குக் கோப்பி கொடுக்காதே, மைலோதான் குடிப்பாள், ஆறவைத்து. கடையில் நின்று வருவதால் குதிகாலில் வெடிப்பு இருக்கிறது, கேட்டால் இல்லை என்பாள். கோபம் வந்தால் பேச்சு குறையும். அப்போது பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தால் போதும்.

வருகிற சனிக்கிழமை அழைத்துவரச் சுகுமாறன் வருவான். அதற்கு மேலும் இருக்கிறேன் என்று அவள் சொன்னால், அவனைத் திருப்பி அனுப்பிவிடு. என்னிடம் கேட்டு எழுத வேண்டாம். நீ தாய்.

உன் அத்தை,
ராசம்மாள்