சோல் இல்லாத ஷூக்கள்

தம்பிக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். வெளிநாட்டு ஷூவுக்கு வரி போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஷூ ஆர்டரை எங்கள் ஆலைக்கே தரும்படி அரசாங்கத்துக்கு மனு எழுதியவன் நான்தான். எடுப்பாக இருக்கட்டுமே என்று, வரி கேட்ட இடத்தில் ‘ஷூவும் அதன் பாகங்களும்’ என்று எழுதித் தொலைத்தேன்.

கேட்டதெல்லாம் கிடைத்தது. எல்லை தாண்டி உன் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த சோல்தான் நின்றுபோனது. உன் ஆலையை மூடிவிட்டார்கள் என்று லாரி டிரைவர் சொன்னார். இங்கே சோல் இல்லாத ஷூக்கள் கூரை வரை குவிந்து கிடக்கின்றன. நாளை எங்களுக்கும் பூட்டு.

“சின்னவன் ஏன்டா பேசவே மாட்டேங்கிறான்?” என்று அம்மா கேட்கிறாள். “லைன் கிடைக்கலம்மா” என்கிறேன்.

கடைசிப் பெட்டியில் நீ வைத்த சீட்டு இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. “அண்ணா, உன் மனு ஜெயிச்சிடுச்சாமே! எனக்கு ஒரே சந்தோஷம்.”

உன் அண்ணன்