ஐந்தாவது நாற்காலி

சான் வித்தாலே,
14 அக்டோபர் 1974

என் அருமை மருமகள் லூச்சில்லாவுக்கு, மாமா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது.

நானும் உன் யோலே அத்தையும் நலம். டிரியெஸ்தே காற்று உன்னைக் கடலுக்குள் தள்ளிவிடாமல் வைத்திருக்கும் என்று நம்புகிறேன். சேதி கேள். டிசம்பர் 26, சான் ஸ்தேஃபனோ திருநாளன்று எங்கள் நாடகசாலை இந்த வருட ஓபராவோடு திறக்கிறது. மூன்றாம் அங்கத்தில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாயை மூடிக்கொள்ள, என் பித்தளைக் கொம்பு மட்டும் தனியாக இரண்டு நிமிடம் பாட வேண்டும். அதுவும் சன்னமாக. கடைசியில் உச்சியில் ஒரு சுரத்தை நூல்போல இழுத்து நிறுத்த வேண்டும். இத்தாலியில் இதை வாசிக்கக்கூடியவர்கள் மூன்றே பேர். ஒருவர் செத்துப்போனார், இன்னொருவர் குடித்தே வீணாய்ப்போனார்.

கஷ்டம் சுரத்தில் இல்லை, அதற்கு முன்னால் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதில். உதடும் பித்தளையும் ஜில்லிட்டுப்போகும். அதனால் தினமும் சாப்பாடானதும் கொம்பை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி சமையலறையில் இருபது நிமிடம் கல்லாக உட்காருகிறேன். பிறகு ஒரே ஒரு தடவை வாசிப்பேன். முப்பத்தொரு நாள் ஆயிற்று. முப்பது முறை வேண்டுமென்றே தவறவிட்டேன், உதட்டுக்குக் கொஞ்சம் அடக்கம் வரட்டும் என்று. முப்பத்தொன்றாவது முறை வந்தது பார், கோயில் புறாக்களெல்லாம் ஜன்னலில் வரிசையாக வந்து உட்கார்ந்தன!

"புறா எங்க வந்துச்சு? கீழ்வீட்டுக்காரன் துடைப்பக்கட்டையால கூரையை இடிச்சான், அதுதான் வந்துச்சு" என்கிறாள் உன் அத்தை. அவளுக்குச் சங்கீதம் தெரியாது.

உன் மாமா,
ஓரெஸ்தே


டிரியெஸ்தே,
27 அக்டோபர் 1974

அன்புள்ள மாமாவுக்கு,

புறாக்களை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அத்தை தொலைபேசியில் வேறொன்று சொன்னாள். உங்கள் மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆடுகிறதாமே? எடுத்தே ஆக வேண்டும் என்று பல் வைத்தியர் சொல்லியும், திருநாள் முடியட்டும் என்று நீங்கள் வந்துவிட்டீர்களாமே?

நானும் அதே பல்லில் அதே பித்தளையை அழுத்தி, கொம்பு ஊதித்தான் பதினைந்து வருடமாகச் சாப்பிடுகிறேன், மாமா. என்னிடம் மறைக்க வேண்டாம். ஆடும் பல்லை வைத்துக்கொண்டு அந்த உச்சி சுரம் வராது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் மாயெஸ்த்ரோவிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு ஓபராவை வேறொருவர் வாசிக்கட்டும்.

அன்புடன்,
லூச்சில்லா


சான் வித்தாலே,
20 நவம்பர் 1974

அருமை மருமகளே,

பல்லா? நடனமாடுகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட வேர் நெப்போலியன் குதிரைக்குத்தான் இருந்தது என்று வைத்தியரே வியந்தார். பின்னால் தேன்மெழுகு வைத்து அணைத்திருக்கிறேன். கோட்டைச் சுவர்.

அதைவிடப் பெரிய சேதி. ஒத்திகையில் மாயெஸ்த்ரோ என் வாசிப்பைக் கேட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் என்றே நினைக்கிறேன். மறுநாள் பார்த்தால் என் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி! கொம்பு வாசிப்பவர்கள் நாங்கள் நாலு பேர். ஐந்தாவதாக ஒன்று, என் இசைத்தாளையே பார்த்து வாசிக்கும்படி. டிராம்போன் ஊதும் பெர்த்தோ எல்லார் முன்னாலும், "ஓரெஸ்தே, உன் பக்கத்துல ஆம்புலன்ஸை நிறுத்திட்டாங்கடா!" என்று கத்தினான். "போடா, ராஜா பக்கத்துல மந்திரிக்கு நாற்காலி போடுவாங்க, நீ எங்க பாத்திருக்கப் போற" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனைப் பார்த்து.

உன் மாமா,
ஓரெஸ்தே


டிரியெஸ்தே,
2 டிசம்பர் 1974

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்தாவது நாற்காலி எதற்கென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் ஆள் விழுந்தால் பிடிப்பதற்கு.

அதில் உட்கார என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்றுத்தான் கடிதம் வந்தது. நான் மறுத்தால் மிலானிலிருந்து முகம் தெரியாத யாராவது வருவார். நீங்கள் வா என்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் இல்லை. ஆனால் வந்தால் பிடிக்கத்தான் வருவேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லூச்சில்லா


சான் வித்தாலே,
7 டிசம்பர் 1974

மருமகளே, வா!

வலப்பக்கம் உட்கார். சத்தமான இடங்களையெல்லாம் நீ ஊது, என் உதடு ஓய்வெடுக்கட்டும். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் தொடாதே. ஜூனில் ஓய்வு கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முப்பத்துநாலு வருடம் மேடைக்குக் கீழே வாத்தியக்காரர் குழிக்குள் உட்கார்ந்திருந்தவனை ஊர் பார்த்ததில்லை. முடிவில் தனியாக வாசித்தவரை மாயெஸ்த்ரோ கைகாட்டி எழுப்புவார் அல்லவா, அந்த ஒரு தடவை நான் எழுந்து நிற்க வேண்டும். இதில் மட்டும் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

மாமா


டிரியெஸ்தே,
28 டிசம்பர் 1974

மாமா,

சொல்லாமல் காலை ரயிலில் கிளம்பியதற்கு மன்னிக்க வேண்டும்.

அந்த இரண்டு நிமிடம் தொடங்கியபோது உங்கள் கொம்பிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. நான் எடுத்துக்கொண்டேன், உச்சி சுரம் வரைக்கும். நீங்கள் கொம்பை உதட்டில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தீர்கள். இருட்டில் எந்தக் கொம்பு என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தமில்லை.

முடிவில் மாயெஸ்த்ரோ என்னைத்தான் கைகாட்டினார். நான் பாதி எழுந்தபோது என் தோளில் உங்கள் கை இருந்தது. அது என்னைக் கீழே அழுத்தியது. பிறகு நீங்கள் எழுந்து நின்றீர்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

கேட்டிருந்தால் நானே உட்கார்ந்திருப்பேன், மாமா. ஊருக்கு எதுவும் சொல்ல வேண்டாம். யார் வாசித்தது என்று எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். போதும்.

லூச்சில்லா


சான் வித்தாலே,
12 ஜனவரி 1975

அருமை மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரே அமர்க்களம். நகரத் தலைவர் என்னைக் கட்டிப்பிடித்தார். மூன்றாம் மாடத்தில் ஒரு சீமாட்டி மயங்கியே விழுந்தாளாம். "அன்னிக்கு உனக்கு ரெண்டு வாயா ஓரெஸ்தே?" என்று பெர்த்தோ மதுக்கடையில் கேட்டான். கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, அவனே ஒரு கிண்ணம் வாங்கிக்கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பல்லையும் எடுத்தாயிற்று. ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று நாடகசாலையும் எழுதிவிட்டது. ஆக, இனி எனக்கு இருப்பது சொல்லுகிற கதை மட்டும்தான். தினமும் சொல்கிறேன். தினமும் அந்தச் சுரம் கொஞ்சம் நீளுகிறது.

நீ கேட்ட வரியை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் அது என் கையெழுத்திலேயே இருக்கும். மறுநாள் கடையில் எப்படி வாயைத் திறப்பேன்?

ஈஸ்டருக்கு நீ வர வேண்டாம். அத்தை ஆட்டுக்கறி சமைப்பாள், நாலு பேர் வருவார்கள், அந்தக் கதையைக் கேட்பார்கள், நான் தொடங்குவேன். நீ எதிரில் உட்கார்ந்துகொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அதற்கடுத்த ஈஸ்டருக்கும் வேண்டாம்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன், உனக்கு அங்கே பெரிய கச்சேரி, கடற்படைத் தளபதியே வண்டி அனுப்பியிருக்கிறார் என்று. நன்றாகத்தான் சொன்னேன். நம்பிவிட்டாள்.

உன் மாமா,
ஓரெஸ்தே