அருவிக்கு மேலே மடு

மே 3
வெள்ளத்தில் மூடிக் கிடந்த கெய்ர்ன்ஸ் நகரச் சாலையை ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். எங்கள் ஹோட்டல் நிரம்பிவிட்டது. விரிப்பு துவைத்தே என் இடுப்பு போச்சு. என் புருஷன் டெஸ் வழக்கம்போல விருந்தாளிகளை அருவிக்கு மேலே இருக்கும் மடுவுக்குக் கூட்டிப்போனான். முதலில் இவன் குதித்துக் காட்டினால்தான் அவர்கள் இறங்குவார்கள். கல்யாணமான நாள் முதல் இந்தக் கூத்துதான்.

மே 6
மடுவின் மணலில் ஒரு தடம். வயிற்றைத் தேய்த்துப் போன தடம். அகலம் தலையணை நீளம் இருக்கும்.

டெஸ் சிரிக்கிறான். "நன்னீர் முதலைடி, மீன் தின்னுற சாது. ஆளைத் தின்னுற கடல் முதலை அருவி ஏறி வருமா? போடி, பயந்தாங்கொள்ளி!"

இந்த ஊரே அப்படித்தான் சொல்லும். ஆனால் இந்த வருஷ வெள்ளத்தில் அருவியே முழுகிப்போச்சே! அப்போது எது ஏறி வந்ததோ, யார் கண்டார்?

மே 7
கண்ணை மூடினால் அந்தத் தடம்தான்.

மே 9
வனத்துறை தியாவுக்குப் போன் பண்ணினேன். "நான் வந்து பாக்குற வரைக்கும் யாரையும் இறங்க விடாத, நோரீன்" என்றாள்.

டெஸ் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "முதலைன்னு ஒரு வார்த்தை வெளிய போனா அத்தனை பேரும் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. நம்ம வயித்துல நாமே அடிச்சுக்கணுமா?"

"உன்னை அது தின்னுட்டா எனக்கு எதுக்குடா ஹோட்டல்?"

கேட்டால்தானே.

மே 10
நானும் கூடப் போனேன். டெஸ் சட்டையைக் கழற்றினான். பின்னால் டச்சுக் குடும்பத்துச் சின்னப் பெண், இடுப்பில் நீச்சல் வளையத்தோடு.  என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை — அவனைத் தள்ளிவிட்டு, போட்ட கவுனோடு நானே தண்ணீரில் இறங்கிவிட்டேன். இடுப்பளவு. காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"நோரீன்! வெளிய வாடி! ஐயோ, வாடி!"

அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதே இல்லை. ஓடிவந்து என்னைத் தரதரவென்று கரைக்கு இழுத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"சாதுதானே? ஏன்டா கத்துற?" என்றேன். 

 அவன் திரும்பி, எல்லார் முன்னாலும் அந்தத் தடத்தைப் பற்றிச் சொன்னான். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் அறையைக் காலி செய்தார்கள். டச்சுக்காரர் போகும்போது டெஸ்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மே 17
தியா மடுவில் வைத்த கூண்டில் விழுந்துவிட்டது. கடல் முதலைதான். எங்கள் வண்டியைவிட நீளம். அது கிடந்த தண்ணீரிலா நான் நின்றேன்? 

டெஸ் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.  திரும்பும்போது என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அந்த மலைப்பாதை முழுக்க ஒற்றைக் கையால்தான் வண்டி ஓட்டினான். நானும் திட்டவில்லை.