காவிரிப் பாலத்தில் பிடிபட்ட கரும்பொடி

அனுப்புநர்:
அ. தேசிகன்,
ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியர்,
கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
கனம் ஜில்லா கலெக்டர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: வெடிமருந்து என்று ஐயுற்றுக் கைப்பற்றிய கறுப்புப் பொடியைப் பரிசோதிக்கவும், அதன் பொருட்டுக் காவலில் உள்ள வர்ண வியாபாரி ஜனாப் பரக்கத் அலியை விடுவிக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற வாரம் காவிரிப் பாலத்தருகே சோதனையில் நின்ற போலீஸார், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒரு ஜட்காவை நிறுத்தி, அதிலிருந்த தகர டப்பாக்களைக் கைப்பற்றினார்கள். தந்திக் கம்பிகள் அறுபடும் இந்நாளில் கறுப்புப் பொடியைக் கண்டு அவர்கள் சந்தேகித்ததில் எனக்கு வருத்தமில்லை. வண்டியில் இருந்த பரக்கத் அலி பெரியகடை வீதியில் வர்ணக் கடை வைத்திருப்பவர்; என் சிநேகிதர். எண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்ப்பதற்காக அதை எடுத்துச் சென்றார்.

2. அது வெடிமருந்து அன்று, இரும்பின் ஆக்ஸைடு. அன்னபேதி என்னும் இரும்பு உப்பிலிருந்து என் வீட்டுக் கொல்லையில் நான் தயாரித்தது. காந்தத்தைக் காட்டினால் மயிர்க்கூச்செறிந்தது போல எழுந்து ஒட்டும். பதமாகச் சூடேற்றினால் பழுப்பாகும். அப்போதும் காந்தத்தை விடாது. சூடு மிஞ்சினால் செக்கச்செவேலென்று சிவந்து, காந்தம் அருகே வந்தாலும் அசையாமல் கிடக்கும். அந்தக் குணம் எங்கே, ஏன் போகிறது என்பதே என் நெடுநாள் ஆராய்ச்சி.

3. பரக்கத் அலி யார் என்பதைச் சொல்லாமல் இம்மனு நிறைவுறாது. காலேஜில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிவப்பு வர்ணம் வாங்க அவர் கடைக்குப் போனேன். ஜெர்மன் சரக்கு என்று ஒரு டப்பாவை எடுத்துவைத்தார். இதை நானே செய்துவிடுவேன் என்று வாலிப மிடுக்கில் சொன்னேன். "செஞ்சு கொண்டாங்க சாமி, கடையில முன்னாடி வைக்கிறேன்" என்றார். நான் கொண்டுபோனது செங்கல் தூள் மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை, தம் கடைக் கதவின் ஒரு பலகைக்கு அதையே பூசினார். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அது வெளுக்கிறதா என்று இருவரும் வீதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் இனி வரப்போவதில்லை.

ஞாயிறுதோறும் அவர் ஸ்ரீரங்கம் வருவார். கொல்லையில் பொடி காய்ச்சும் உலை தணியும்வரை பேசிக்கொண்டிருப்போம். கொலுவில் ஆண்டாளின் கிளி வெளுத்துவிட்டதென்று என் மனைவி வைஜயந்தி குறைப்பட்டபோது, குரோமியத்திலிருந்து பச்சை தயாரித்தோம். முதல் பூச்சு அவர் கையால். வைஜயந்தி காலமான பின் உலைப் பக்கமே போகாதிருந்த என்னை, "பாதியில விட்டா அம்மா கோவிச்சுக்குவாங்க சாமி" என்று சொல்லி மறுபடி கொல்லைக்கு அழைத்துப்போனவரும் அவரே.

4. பொடியைச் செய்தது யாரென்று போலீஸார் கேட்டபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. "நாந்தாங்க செஞ்சேன், வர்ணத்துக்கு" என்றிருக்கிறார். ஜட்காக்காரர் பிச்சமுத்துவிடம், "சாமிகிட்ட சொல்லிடாதீங்க, அவரு நெஞ்சு தாங்காது" என்று காதோடு சொன்னாராம். பிச்சமுத்து நேரே என்னிடம்தான் வந்தார். செய்முறையை விளக்கச் சொன்னபோது பரக்கத் அலிக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் சந்தேகம் வலுத்து, அவரைக் காவலில் வைத்துவிட்டார்கள்.

5. நான் காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அங்கிருந்த உத்தியோகஸ்தர் மரியாதையாகவே, "பெரியவரே, அந்த ஆளே ஒத்துக்கிட்டாரு. நீங்க வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். சிநேகிதரைப் பார்க்கவும் அனுமதி கிடைக்கவில்லை.

6. ஆகையால், அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையைப் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியில் போட்டுப் பார்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். வெடித்தால் என்னைத் தண்டியுங்கள். சிவந்தால் அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். டப்பாக்கள் திரும்பி வராவிட்டாலும் குறையில்லை. யாரையேனும் உள்ளே வைத்தே தீரவேண்டுமென்றால், செய்தவன் நான். கூப்பிட்ட நேரத்தில் வருகிறேன். தாமே செய்ததாக அவர் சொன்னது பொய். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் சொல்லி நான் அறிந்த பொய் அது ஒன்றுதான்.

தங்கள் நீதியை நம்பி நிற்கும்,
அ. தேசிகன்

இடம்: ஸ்ரீரங்கம்
தேதி: 14-9-1942