தோக்கியோ கடிகாரமும் நம் வீட்டுக் கம்பும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
தாரண வருஷம், ஆனி மாதம், 1944

சயாம் ரயில் பாதை வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் நாகையா அவர்களுக்கு, வள்ளியம்மா வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள். நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை நான் கேட்பதாக இல்லை.

உங்கள் பெயரை எழுதிவிட்டேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். வாய் சொல்லவில்லை, பேனாதான் சொன்னது. ரயில் கார்டு பாலன் சரக்கு வண்டியோடு உங்கள் பக்கம் வருகிறான். கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவான். யாராவது பிடித்தால், மரவள்ளிக்கிழங்கு நடுவதைப் பற்றிய கடிதம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

காஜாங்கில் மகள் ரமணி சுகம். நான் இளைத்துவிட்டேன். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இப்போது தாராளமாகச் சேருகிறது. இத்தனை வருஷம் உங்கள் கிண்டலால் ஆகாததைப் பங்கீட்டு அரிசி சாதித்துவிட்டது. எதிர்வீட்டுத் தம்புசாமி ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போகிறார். குனிந்து குனிந்து பழகி, போன வாரம் பால்காரரின் எருமைக்கே ஒரு வணக்கம் போட்டார். எருமை திருப்பிப் போடவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். உங்களோடு வந்த வேலாயுதம் திரும்பி வந்துவிட்டான். ஆள் பாதிதான் வந்திருக்கிறான். உங்களுக்குக் காய்ச்சல் கண்டு நோயாளிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்களாம். "அந்தக் கொட்டகைக்குப் போனவங்க யாரும் நடந்து வெளிய வந்து நான் பாக்கல அக்கா" என்று அழுதான். "அவர் கண்ண மூடினத நீ பாத்தியா?" என்றேன். "இல்லக்கா" என்றான். "அப்புறம் என்னத்துக்கு அழுவுற, கஞ்சியக் குடி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்குக் கொஞ்சம் வேலை இருந்தது.

ஆனால் பக்கத்து வீட்டு இராஜம்மா காதில் விழுந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றுகிறவள். தினமும் என் தாலிக்கயிற்றைப் பார்த்தபடியே ஒரே பேச்சு: "ஆடி பொறந்தா சூரியன் தெக்க திரும்பிடும் வள்ளி. செத்தவங்களோட காலம் அது. அதுக்குள்ள அண்ணனுக்குக் காரியத்த முடிச்சிடு. தண்ணிக்குத் தவிக்க விடாத."

எனக்கு வந்த கோபத்தில் அவளோடு பஞ்சாங்கச் சண்டைக்கே போய்விட்டேன். "சூரியன் திரும்புறது ஆடி ஒண்ணாந்தேதி இல்ல, இந்த வாரமே. எங்க வீட்டுக்காரர் வருசா வருசம் கம்பு நட்டு அளந்தவரு. உச்சியில நெழல் நேர் தெக்க விழுந்து அவர் பதிச்ச செங்கல்லத் தொடும். வந்து பாரு!" என்றேன். அவள் விடுவாளா? "தொட்டா நான் வாய மூடிக்கிறேன். தொடலைன்னா நீ நான் சொல்றத கேக்கணும்" என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். என் வாயைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம்தான் உதறல் எடுத்தது. நடவுக்கு மண்ணை வெட்டும் முன் நீங்கள் கொல்லையில் கம்பு நட்டு அந்தப் பூசையைச் செய்யும்போதெல்லாம் நான் என்ன செய்தேன்? கூப்பிட்டால் தேங்காயோடு வருவேன், மனசு அடுப்பில் இருக்கும் குழம்பிலேயே நிற்கும். கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. நம் கடிகாரம்தான் அரிசிக்கு விலைபோய்விட்டதே, இந்த முறை பிசகக் கூடாது என்று தம்புசாமியின் மேசைக் கடிகாரத்தை இரவல் வாங்கினேன். கம்புக்கு மஞ்சள் பூசி, அதே குழியில் நட்டேன். தேங்காய்க்கு எங்கே போக? செம்பருத்தியும் ஒரு வட்டில் அவித்த மரவள்ளியும் வைத்தேன். இராஜம்மா இன்னும் நாலு பெண்களைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தாள்.

முள் இரண்டும் பன்னிரண்டில் சேர்ந்தன. நிழல் செங்கல்லைத் தொடவில்லை. பக்கத்தில்கூட இல்லை. நீளமாகக் கோணிக்கொண்டு பப்பாளி மரத்துப் பக்கம் கிடந்தது. வெயில் இளசாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. மேகமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இராஜம்மா என் தோளைத் தொட்டு, "போதும் வள்ளி, எழுந்திரு" என்றாள். அவளுக்கு ஜெயித்த முகம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தேன். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே, யாரைக் கூப்பிடுவது, எந்த ஆற்றங்கரைக்குப் போவது என்று மனசு அதுபாட்டுக்கு நடந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தபோது நிழலும் நடந்தது. பப்பாளிப் பக்கமிருந்து விலகி, குறுகிக்கொண்டு, செங்கல் இருக்கும் பக்கமாக நகர்ந்தது. உச்சிக்கு வந்துவிட்ட சூரியனுக்கு அப்படி என்ன நடை பாக்கி? கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஜப்பான்காரன் வந்த புதிதில் எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டானே, நீங்கள்கூட முணுமுணுத்துக்கொண்டு முள்ளைத் திருப்பினீர்களே! உத்தரவு கடிகாரத்துக்கு வந்தது. கம்புக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சிரித்த சிரிப்பில் இராஜம்மா பயந்துபோய், "ஐயோ, துக்கம் தலைக்கு ஏறிடுச்சு, வேப்பிலை கொண்டாங்கடி" என்று கத்தினாள். "வேப்பிலைய அந்தக் கடிகாரத்துக்கு அடி. சூரியன் இன்னும் ஜப்பான் பாஷை வகுப்புல சேரல. உக்காருங்க எல்லாரும்" என்றேன். உட்கார்ந்தோம். தம்புசாமியின் கடிகாரம் இரண்டு மணியையும் தாண்டிய பிறகு, நிழல் நேர் தெற்கே வந்து செங்கல்லின் விளிம்பைத் தொட்டு நின்றது. நீங்களே விரலால் இழுத்து வைத்த மாதிரி.

நீங்கள் செய்வதையெல்லாம் செய்தேன். வெறுங்காலோடு நின்று, "வெட்டப் போறோம், பொறுத்துக்க" என்று மண்ணிடம் கேட்டேன். செம்பு நீரை ஊற்றினேன். ஒரு பிடி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "தின்றதெல்லாம் இவள் கொடுத்தது, ஒரு நாள் இவள் நம்மைத் தின்பாள், நடுவில் ஒரு நன்றி சொன்னால் என்ன குறைந்துவிடும்" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் குழம்பு தீய்வதைச் சொல்லிக் குறுக்கே பேசியிருக்கிறேன். இந்த முறை தீய்வதற்குக் குழம்பு இல்லை. நின்றேன். உள்ளங்கால் சுட்டது. இந்தத் தரை எங்கேயும் அறுபடாமல் சயாம் வரைக்கும் போகிறதே, நமக்கு நடுவில் ஒரு கடல்கூட இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. நான் மிதித்து நின்றது உங்களுக்கு அங்கே தெரிந்திருக்க வேண்டும்.

இராஜம்மா மெல்ல, "இருந்தாலும் இன்னியிலேருந்து சூரியன் தெக்க தான வள்ளி போகுது?" என்றாள். "ஆமா. வடக்க போற மட்டும் போயி, நம்ம பக்கமாத் திரும்புது. வடக்க போனது திரும்பி வருதுன்னா அதுக்கா ஒப்பாரி வைப்பாங்க?" என்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கொல்லை முழுக்க மரவள்ளிக் குச்சி நட்டுவிட்டோம். போகும்போது மட்டும், "சரி லா, வாய மூடிக்கிறேன். ஆனா ஆடி அமாவாச வரைக்குந்தான்" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். பாலன் திரும்பும்போது வெறுமனே வரக் கூடாது. எழுதக் கை வராவிட்டால் எழுத வேண்டாம். கடிகாரத்தை நம்பி ஊரைக் கூட்டிய என்னை நாலு வார்த்தை திட்டி, அதை அவனிடம் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் என்னைத் திட்டுகிற மாதிரி உலகத்தில் இன்னொருத்தரால் திட்ட முடியாது. கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிடும். திட்டு பெரிதாக வேண்டும் என்றில்லை. ஆடி அமாவாசைக்குள் வந்தால் போதும்.

மண்மாதா உங்களைத் தன் மேலேயே வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி,
வள்ளியம்மா