சுரங்கப்பாதைப் பூட்டும் சம்பந்தியம்மாவின் புடவையும்

அனுப்புநர்:
சோபா, மெத்தை தைக்கும் தொழிலாளி,
மரக்கடைச் சந்து, மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பெரிய ரயில் நிலைய வாசலில் பூட்டிக் கிடக்கும் சுரங்கப்பாதையைத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு, சொல்லாவிட்டால் மனம் ஆறாது என்ற நிலையில் இதை எழுதுகிறேன்.

1. என் மருமகள் உண்டாகியிருக்கும் சேதி கேட்டு, அவருடைய தாயார் ரயிலில் வந்தார். பெண் கொடுத்த பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வருவது அதுவே முதல் முறை. நேரில் போய் அழைத்து வருவதுதான் மரியாதை என்று கடையை அடைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

2. நிலைய வாசலில் ஆட்டோ, பேருந்து எதுவும் நிற்கக் கூடாது, எதிர்ச்சாரியில்தான் நிற்கும். சாலை நடுவே இரும்புத் தடுப்பு. மழைத் தண்ணீர் புகுந்ததென்று பூட்டிய சுரங்கப்பாதை, தண்ணீர் வற்றியும் திறக்கப்படவில்லை. சுரங்கப்பாதையில் இருப்பதுபோல் சரிவுப் பாதை இல்லாத, படிகள் மட்டுமே உள்ள நடைமேம்பாலத்தில் ஏறிப் போகச் சொல்கிறது பலகை. சம்பந்தியம்மாவுக்கோ முழங்கால் வலி. ஆகவே மற்றவர்களைப் போல நாங்களும் தடுப்பில் கம்பி வளைந்திருந்த சந்து வழியாகப் போனோம்.

3. "எல்லாரும் இப்படித்தான் போறாங்க சம்பந்தியம்மா, குனிஞ்சு வாங்க" என்று கூப்பிட்டவன் நான்தான். குனிந்தவரின் புடவை கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னே வரவும் முடியவில்லை, பின்னே போகவும் முடியவில்லை. அந்நேரம் போக்குவரத்துக் காவலரின் ஒலிபெருக்கி, "பச்சைப் புடவை அம்மா! படிச்சுப் படிச்சு சொல்றோம், காதுல விழல? இந்த வயசுல என்ன அவசரம்?" என்று சாலை முழுக்கக் கேட்க அதட்டியது. பேருந்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். நான் துணியோடு பிழைப்பவன், ஐயா. ஆனால் சம்பந்தியம்மாவின் புடவையில் எப்படிக் கை வைப்பேன்? பெட்டியைப் பிடித்தபடி மரம்போல் நின்றேன்.

4. சாலை பெருக்கும் அம்மா ஒருவர் ஓடிவந்து புடவையை விடுவித்தார். பின்னாலேயே வந்த காவலர், சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கி, "மன்னிச்சுக்கங்கம்மா. நானும் தினம் இந்தச் சந்துலதான் டூட்டிக்கு வரேன்" என்றார். அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

5. கிழிசலைக் கையால் மறைத்தபடி வீட்டுக்குள் வந்த சம்பந்தியம்மா, "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சு" என்று என் மனைவியிடம் சொன்னார். அதைக் கேட்டபோது, அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது. மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

6. இப்போது மருமகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. படுக்கையை விட்டு எழக்கூடாது என்கிறார் மருத்துவர். என் மனைவி தயங்கித் தயங்கித் தொலைபேசியில் அழைத்ததற்கு, "பெத்த பொண்ணுக்காக வராம இருப்பேனா? வெள்ளிக்கிழமை வரேன். ஆனா ஸ்டேஷனுக்கு சம்பந்தி வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாராம். மனைவி அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் சுரங்கப்பாதையைத் திறந்து, விளக்குப் போட்டுத் தரும்படி வேண்டுகிறேன். அவர் சொன்னபடி நான் நிலையத்துக்குப் போகமாட்டேன். தனியாகத்தான் வருவார். அவர் தலை நிமிர்ந்து நடந்து வர, தாங்கள்தான் வழி செய்ய வேண்டும்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(கையொப்பம்)
சோபா தைக்கும் தொழிலாளி