சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. காரியமெல்லாம் முடித்துத் தம்பி செல்வம் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டான். "சிங்கப்பூருக்கா?" என்று நீங்கள் உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. ஆமாம், சிங்கப்பூருக்குத்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர் நீங்கள். வந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்துவிட்டு, டிரைவர் வழியில் எங்கே டீ குடித்தார் என்று சொல்லிவிடுவீர்கள். போன வருடம் செல்வம் லீவுக்கு வந்தபோது, மேசையில் கிடந்த அவனுடைய விமானச் சீட்டிலும் அதே கணக்கைப் போட்டீர்கள். சிங்கப்பூரில் காலை எட்டுக்குப் புறப்பாடு, திருச்சியில் ஒன்பதரைக்கு வருகை.

"ஒன்றரை மணி நேரத்துல அங்கிட்டிருந்து வர முடியுமாத்தா? திருச்சிக்கு நம்ம பஸ்ஸே ரெண்டு மணி நேரம் போகுது. இவன் மெட்ராஸ்லதான் இருக்கான்," என்றீர்கள்.

"சீட்டுல சிங்கப்பூர்னு போட்டிருக்கேப்பா?"

"சீட்டுல என்ன வேணாலும் போடுவாய்ங்க."

அதற்குப் பிறகு எல்லாமே உங்களுக்குச் சாட்சியாகிவிட்டது. முன்பு அவன் அனுப்பியிருந்த வீடியோவில் அவனுக்குப் பின்னால் தமிழில் கடைப் பலகை, வாழையிலையில் சாப்பாடு. மெட்ராஸில் ஒரு குடித்தனம் வைத்துக்கொண்டு மறைக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் திரும்பிப் போன பிறகும் போன் வந்தால், "தூங்கிட்டேன்னு சொல்லு" என்பீர்கள். அவன் இங்கே இருந்தபோதே சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அவன் சட்டையைத் துவைக்கப் போடும் சாக்கில் பையெல்லாம் துழாவியிருக்கிறேன்.

அந்த லீவு முடிந்து அவன் கிளம்பிய அன்று, திருச்சிக்கு நானும் காரில் போனேன். போகிற சீட்டை வாங்கிப் பார்த்தேன். காலை பத்தரைக்குப் புறப்பட்டு மாலை ஐந்துக்குப் போய்ச் சேருமாம். வர ஒன்றரை, போக ஆறரை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்துக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதுக்கா. எந்தப் பக்கம் பறந்தாலும் நாலு மணி நேரந்தான்."

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னான்?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதுவரை டாக்டரிடம் போவதென்றாலும், வீட்டுக்கு வெள்ளையடிப்பதென்றாலும் அவனைத்தான் போனில் கேட்பீர்கள். பக்கத்துத் தெருவில் இருந்த நான் சோறாக்கிக் கொண்டுவந்து வைப்பவள், அவ்வளவுதான். அவன் மேல் சந்தேகம் வந்த பிறகுதான், "எனக்கு நீ ஒருத்திதான் ஆத்தா" என்றீர்கள். அது எனக்கு வேண்டியிருந்தது அப்பா. விட மனசு வரவில்லை. "அப்பாவுக்கு எம்மேல என்னக்கா கோவம்?" என்று அவன் ஒவ்வொரு போனிலும் கேட்டான். வயசாகிவிட்டது என்று சமாளித்தேன்.

இப்போது என் சந்தேகமெல்லாம் உங்கள் மேல்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "சிங்கப்பூர்ல இப்ப மணி என்னத்தா இருக்கும்?"

மெட்ராஸில் என்று கேட்கவில்லை. எப்போது தெரிந்துகொண்டீர்கள்? யார் சொன்னார்கள்? நானாகச் சொல்கிறேனா என்று பார்த்தீர்களா?

"இங்க என்ன மணியோ அதான்ப்பா" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கஞ்சி வேண்டாம் என்றீர்கள்.

செல்வம் அடுத்த மாதம் என்னை அங்கே வரச்சொல்லியிருக்கிறான். போகிறேன். அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அப்பாவை உன்னிடம் பேசவிடாமல் வைத்தது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடாவிட்டாலும் சரி, சொல்கிறேன் அப்பா.

உங்கள் மகள்,
தனம்